நான்கு வயது மகளுக்கு எண்களைப் பழக்குவது எப்படி?

பாளையங்கோட்டையிலிருந்து கேள்வி:
கைப்பேசி கேட்டு அடம்பிடிக்கும் என் மகளுக்கு, அவளுடைய ஆச்சியும் சேர்ந்து விளையாடும்படியாக எண்களைப் பழக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
பல்லாங்குழி இருக்கிறதே, அம்மா! 14 குழிகளில் குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகளை அவளே இட்டு நிரப்பட்டும். ஆட்ட விதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் பேரன் ஒரு குழியில் ஆறாவது கொட்டையையும் திணித்துவிட்டு, கடைசிக் குழிக்கு ஒன்று குறைந்ததும், யாரும் சொல்லாமலே முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

பத்தமடையிலிருந்து:
கொட்டையை மூக்கில் திணித்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு என்பதால், பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில், பாய் நெய்து மீந்த கோரைத் துண்டுகளைக் குட்டையிலிருந்து நெட்டையாக அடுக்கச் சொல்வோம்.

கேள்வி கேட்டவர்:
நேற்று 23 வரை தப்பாமல் எண்ணினாள். அவளுடைய ஆச்சிதான் பல்லாங்குழியை விட்டு எழுந்திருக்க மறுக்கிறார்கள்!