மேற்குச் சுவர் முழுக்கக் கறுப்பு சிவப்புப் பூச்சி, என்ன செய்யலாம்?

வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டாவில் வீடு வாங்கியபின் எங்களுக்கு இது முதல் இலையுதிர் காலம். ஒரு வாரமாக, மதியம் வெயில் ஏறினால் மேற்குச் சுவரில் நூற்றுக்கணக்கில் பூச்சிகள் அப்பிக்கொள்கின்றன. அரை அங்குல நீளம், கறுப்பு உடம்பு, தலைக்குப் பின்னால் நீளவாக்கில் மூன்று சிவப்புக் கோடு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "பருத்திச் செடியில மொய்க்குமே, அது மாதிரியே இருக்கே" என்கிறார். தேடிப் பார்த்தவரை இது பாக்ஸெல்டர் பூச்சி. பக்கத்து வீட்டு வேலியோரம், இந்தப் பூச்சி தின்னும் விதை கொத்துக் கொத்தாகத் தொங்கும் பாக்ஸெல்டர் மரமும் (ஒரு வகை மேப்பிள்) நிற்கிறது. சரிதானே?

பொதுவாகக் கடிக்காது, வீட்டுக்குள் முட்டையிட்டுப் பெருகாது என்பது வரை ஆறுதல். ஆனால் நேற்று ஜன்னல் திரையில் ஒன்றை நசுக்கிவிட்டேன். ஆரஞ்சுக் கறை இன்னும் போகவில்லை, நாற்றம் வேறு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து அடிக்கிறேன். மேலே பட்டது சாகிறது, மறுநாள் புதுக் கூட்டம் வந்துவிடுகிறது. உள்ளே நுழைந்ததை வேக்குவமில் இழுத்துவிடுகிறேன்.

குளிர் இறங்குவதற்குள் எந்த இடுக்கை முதலில் அடைப்பது? ஜன்னல் சட்டமா, சைடிங் (வெளிச்சுவரை மூடும் பலகை) முடியும் இடமா, கூரைக்கடியில் இருக்கும் காற்று வென்ட்டா? வெளிச்சுவருக்கு மருந்து அடித்தவர்கள் இருந்தால், பலன் இருந்ததா என்று சொல்லுங்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் தயங்குகிறேன். மரத்தை வெட்டச் சொல்லலாம்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், கேட்க வாய் வரவில்லை.