டாக்ரியோசிஸ்டைடிஸ் சார்ட், எச்04.321 ஏன் தப்பு? (அவசரம்)

நைட்ஷிப்ட்_நந்து:
மெடிக்கல் கோடிங்கில் கண் சார்ட் (நோயாளி ரெக்கார்டு) ஒன்று. டாக்டர் டாக்ரியோசிஸ்டைடிஸ் (கண்ணீர்ப் பை அழற்சி) என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஐசிடி-10-சிஎம் நோய்க் கோடு எச்04.321 (H04.321) போட்டேன். ஆடிட்டர் எர்ரர் என்று திருப்பிவிட்டார், காரணம் எழுதவில்லை. விடிவதற்குள் பதில் அனுப்ப வேண்டும். எங்கே தப்பு? ப்ளீஸ்.

கோவை_கோடர்:
எந்தக் கண்? நோயாளிக்கு என்ன வயது? ஓபியா, அட்மிஷனா? அக்யூட் (திடீரென்று வந்தது) என்று டாக்டர் எழுதினாரா? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் தப்பை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பச்சைப்பேனா:
குழந்தை சார்ட்டாகத்தான் இருக்கும், எழுதித் தருகிறேன். எச்04.3-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 (இந்தக் கோடில் சேராதவை) குறிப்பைப் பாருங்கள். பச்சிளங்குழந்தைக்கு வந்தால் பி39.1 (P39.1). போன மாதம் எனக்கும் இதே அடி விழுந்தது.

நைட்ஷிப்ட்_நந்து:
குழந்தை இல்லை. 52 வயதுப் பெண்மணி.

பச்சைப்பேனா:
ஓ. சரி.

மூன்றாம்மாடி:
டாக்ரியோஅடினைடிஸா என்று மறுபடி படியுங்கள். அது கண்ணீர்ச் சுரப்பி, எச்04.0-இல் வரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பெயர்தான் குழப்பும்.

சீனியர்_சிபிசி:
இப்போது வருகிறவர்கள் கோடு இன்டெக்ஸைத் திறப்பதே இல்லை. என்கோடரில் (கோடு தேடும் சாஃப்ட்வேர்) முதலில் வருவதை அழுத்திவிட்டு இங்கே வந்து ப்ளீஸ் போடுவது. தம்பி, வெறுமனே டாக்ரியோசிஸ்டைடிஸ் என்றால் எச்04.30. ஃப்ளெக்மனஸ் (சுற்றுத் திசுவில் பரவும் சீழ் அழற்சி) என்றால் எச்04.31, அக்யூட் என்றால் எச்04.32. நாள்பட்டதற்கு எச்04.41. கடைசி எழுத்து 1 வலது, 2 இடது, 3 இரண்டும், எந்தப் பக்கம் என்றே இல்லாவிட்டால் 9. இது அரிச்சுவடி.

நைட்ஷிப்ட்_நந்து:
தம்பி இல்லை சார், தங்கச்சி. சார்ட்டில் உள்ளது இவ்வளவுதான்: மூன்று நாளாக வலி, மூக்கோரம் வீக்கம், சிவப்பு, அழுத்தினால் சீழ். அசெஸ்மென்டில் "டாக்ரியோசிஸ்டைடிஸ், ஓஎஸ்". அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் மாத்திரை, வெந்நீர் ஒத்தடம். ஓபி விசிட். மூன்று நாள்தானே ஆகிறது என்று அக்யூட் எடுத்தேன்.

கோவை_கோடர்:
அகப்பட்டது. ஓஎஸ் என்றால் இடது கண், ஓடிதான் வலது. நீங்கள் போட்டது வலது. அப்புறம், அக்யூட் என்ற சொல்லை டாக்டர் எழுதவே இல்லை, நாம் எழுதிக்கொள்ள முடியாது. எச்04.302 போடுங்கள், அல்லது டாக்டரிடமே கேட்டு கொயரி அனுப்புங்கள்.

ஆப்டோ_அக்கா:
நான் கோடர் இல்லை, கண் கிளினிக்கில் வேலை. மூன்று நாள் வலி, உள்மூலைக்குக் கீழே சிவந்த வீக்கம், அழுத்தினால் பங்க்டம் (இமையோரக் கண்ணீர்த் துளை) வழியாகச் சீழ். இது அக்யூட் இல்லாமல் வேறென்ன? நாள்பட்டதில் வலி அவ்வளவு இருக்காது, நீர்தான் வடிந்துகொண்டே இருக்கும். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் நிறையப் பார்க்கிறோம். மூன்றாம்மாடி, இரண்டும் ஒன்றில்லை! சுரப்பி வீங்கினால் மேலிமையின் வெளிப்பக்கம் தடித்துத் தொங்கும். பை வீங்கினால் மூக்குப் பக்கம்.

சீனியர்_சிபிசி:
மேடம், நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. கோடர் ஸ்டெதாஸ்கோப் மாட்டக் கூடாது.

ஆப்டோ_அக்கா:
கண்ணுக்கு ஸ்டெதாஸ்கோப் வைக்க மாட்டார்கள் சார்.

கோவை_கோடர்:
அக்கா, நீங்கள் சொல்வது மருத்துவமாகச் சரி. ஆனால் நாள்பட்டதே திடீரென்று கிளம்பியிருந்தால்? டாக்டர் இரண்டையும் எழுதியிருந்தால் அக்யூட்டை முதலில் வைத்து இரண்டு கோடும் போட வேண்டும். மூன்று நாள் என்ற ஒரு வரியை வைத்து அதை நான் எப்படி முடிவு செய்வேன்? வீக்கம் தணிந்து அந்த அம்மாளுக்கு டிசிஆர் (கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி வைக்கும்) ஆபரேஷன் என்று வந்தால், இந்த ரெக்கார்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாம்மாடி:
கொயரி அனுப்பு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பதில் வர நாலு நாள். டிஎல் (டீம் லீடர்) கேட்பது இன்றைய கணக்கு. எல்லோரும் "அன்ஸ்பெசிஃபைட்" (வகை குறிப்பிடாத) கோடு போட்டுத் தள்ளுவதே இதனால்தான்.

சீனியர்_சிபிசி:
புரொடக்ஷனுக்காக ஆக்யுரசியை விடுகிறவன் கோடரே இல்லை.

மூன்றாம்மாடி:
உங்கள் டிஎல்லை எங்களுக்குக் கொஞ்சம் அனுப்பி வையுங்கள் சார்.

குட்டிப்பையன்_அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கண்ணீர்ப் பை என்று தேடியதில் இந்த இழை வந்தது. பையனுக்கு நாலு மாதம், பிறந்ததிலிருந்து ஒரு கண்ணில் நீர், காலையில் பூளை. ஆபரேஷன் வேண்டியிருக்குமா?

ஆப்டோ_அக்கா:
பயப்படாதீர்கள்மா. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குழாயின் அடியில் ஒரு சவ்வு திறக்காமல் இருக்கும், ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டி, மசாஜ் சொல்லித்தரக் கேளுங்கள். சுத்தமான விரலால் உள்மூலையில் அழுத்திக் கீழ்நோக்கித் தேய்க்க வேண்டும். மூக்கோரம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பச்சைப்பேனா:
பார்த்தீர்களா, கடைசியில் குழந்தை வந்துவிட்டது! ஆனால் இது பி39.1 இல்லை, தொற்று இல்லாத அடைப்பு. எச்04.53.

சீனியர்_சிபிசி:
இது கோடிங் இழை. மருத்துவ ஆலோசனைக்கு வேறு இடம் உண்டு.

நைட்ஷிப்ட்_நந்து:
302-க்கு மாற்றி அனுப்பினேன், ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். வலது இடது மாறியதுதான் எர்ராம். அக்யூட் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேப் வந்துவிட்டது, கிளம்புகிறேன். நன்றி.

ஆப்டோ_அக்கா:
அப்படியானால் 322 (அக்யூட், இடது) போட்டிருந்தால் விட்டிருப்பார் என்று சொல்லுங்கள்.

கோவை_கோடர்:
சொல்லாமல் விட்டார் என்பதற்காகச் சரி என்று ஆகிவிடுமா அக்கா?

குட்டிப்பையன்_அம்மா:
மசாஜ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை?