மறு: அச்சிடுவதற்கு முந்தைய 'பிளாங்க்' ஆடைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையை முதல் நாளிலிருந்து படித்துவருகிறேன். இதுவரை வெற்றாடை, அச்சேறா ஆடை, காடா ஆடை, ஏற்பாடை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் திருப்பூரில் பனியன் மேல் அச்சடிக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் பக்கத்திலேயே இந்தச் சொல் தேவைப்படுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் 'பிளெயின் பீஸ்' என்று சொல்லிவிடுவோம். பேச்சுக்கு அது போதும். ஆனால் பிளெயின் என்றால் கோடு, கட்டம் எதுவும் இல்லாத துணி என்றும் பொருள் வருகிறது. கோடு போட்ட டீ-சர்ட்டைக் கொடுத்து, நெஞ்சில் சின்னதாக லோகோ மட்டும் அடித்துத் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த பீஸ் பிளெயின் இல்லை, ஆனால் பிளாங்க்தான்.

'வெற்றாடை' முன்மொழிந்த ஐயாவுக்கு: சொல்லின் அமைப்பில் ஒரு குறையும் இல்லை. எனக்கு உறுத்துவது 'வெற்று'தான். வெற்றுத்தாள் என்றால் அதில் என்ன எழுதப்போகிறோம் என்றுதான் யோசிப்போம், தாளைப் பற்றி யோசிப்பதில்லை. எங்களிடம் வருகிறவர்கள் செய்கிற தவறும் இதேதான். டிசைனுக்குப் பத்து நாள் மெனக்கெடுவார்கள். துணி என்னவென்று கேட்டால், "நல்லதா ஒரு டீ-சர்ட் போட்டுக்குங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்கிற பெயரை வைத்தால் இந்த நினைப்பு இன்னும் உறுதிப்படும்.

நானே ஒருமுறை அப்படி ஏமாந்தேன். ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்கு 120 சிவப்பு ஜெர்சிகள். பீஸை அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள், முதுகில் வெள்ளை எண் அடித்துத் தர வேண்டும். அடித்த அன்று எண்கள் பால் மாதிரி இருந்தன. மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்தால் அத்தனையும் ரோஜா நிறம். துணி முழுக்க பாலியஸ்டர். அதற்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயம் சூடு பட்டால் ஆவியாகிக் கிளம்பும். நாங்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிசால் மை இறுக சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டில் கிளம்பிய சிவப்பு, மைக்குள் ஏறிவிட்டது. குறைந்த சூட்டில் இறுகும் மை இருக்கிறது, சாயத்தை அடியிலேயே தடுக்கும் சாம்பல் நிறப் பூச்சும் இருக்கிறது. ஆனால் துணி என்னவென்று முதலில் கேட்டால்தானே அவற்றைத் தேட முடியும்? அன்று நான் கேட்கவில்லை. 120 பீஸும் என் கணக்கில் போயின.

'அச்சேறா ஆடை'யில் வேறு சிக்கல். 'இன்னும் அச்சு ஏறாத' என்றும் கொள்ளலாம், 'அச்சு ஏறவே ஏறாத' என்றும் கொள்ளலாம். இந்த இரண்டாவது பொருள் எங்கள் தொழிலில் நிஜமாகவே தேவைப்படுகிறது. சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு பருத்தியில் நிற்காது. பாலியஸ்டர் வேண்டும், அதுவும் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்க வேண்டும். பிரிண்டரிலிருந்து மையை நேராக ஆடை மேலேயே அடிக்கும் டிடிஜி அச்சுக்கு நேர்மாறாகப் பருத்திதான் தோது. 'இந்த முறைக்கு இது அச்சேறாத் துணி' என்று சொல்ல அந்தச் சொல்லை அப்படியே விட்டுவைக்கலாம்.

காடா என்பது தறியிலிருந்து இறங்கிய, சாயம் காணாத துணிக்கு ஏற்கெனவே புழங்கும் பெயர். அதைத் தைத்து முடித்த ஆடைக்கு இழுக்க வேண்டாம். 'ஏற்பாடை'யைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், 'பாடை' காதில் விழுகிறது.

சரி, என் பரிந்துரை: அச்சுக்கோடி.

கோடி என்றால் புதுத்துணி, யாரும் இன்னும் உடுத்தாதது. இதை அம்மாவிடம் சொன்னதும் முகம் சுளித்தார். "கோடி போடறதுன்னா எழவு வீட்டுல போடறதாச்சே?" பலருக்கும் இதுதான் முதலில் தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டாள் தன் திருமணக் கனவில் உடுத்துவது 'மந்திரக்கோடி'. மலையாளத்தில் ஓணத்துக்கு எடுக்கும் புதுத்துணி இன்றும் ஓணக்கோடிதான். அங்கே கிறிஸ்தவத் திருமணத்தில் மணமகளுக்குக் கொடுக்கும் புடவைக்கும் மந்திரகோடி என்றே பெயர். நாம் சாவு வீட்டோடு ஒதுக்கிவைத்த சொல், பக்கத்து வீட்டில் பண்டிகைக்கு வந்துபோகிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்புறம் எண் குழப்பம். வெறும் 'கோடி' என்றால், போனில் "ஐந்நூறு கோடி அனுப்புங்கள்" என்பது விபரீதமாகிவிடும். முன்னால் 'அச்சு' சேர்ந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இன்னொரு கேள்வியும் வரலாம்: கோடி என்பது தண்ணீர் காணாத துணி ஆயிற்றே, பயோ வாஷ் செய்த பீஸை எப்படி அப்படிச் சொல்வது? பயோ வாஷ் என்பது துணி மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பொடி இழைகளைச் செல்லுலேஸ் என்சைமால் அரித்தெடுக்கும் ஆலை வேலை. அதைச் செய்யாத துணியில் மெல்லிய எழுத்தை அடித்தால், துவைத்த பிறகு இழைகள் மையைத் தாண்டி எழுந்து எழுத்து மங்கித் தெரியும். அதனால் நல்ல அச்சுக்கோடி தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வரும். உடுத்தாதது என்பதுதான் கோடிக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சொல்லிலிருந்து 'கோடித் தேர்வு' என்ற கிளைச்சொல்லும் இயல்பாகக் கிடைக்கிறது. கையேட்டில் அதை இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

"கோடித் தேர்வில் முதல் வேலை எடை பார்ப்பது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். வட்ட வடிவ ஜிஎஸ்எம் கட்டரைத் துணி மேல் வைத்து அழுத்தித் திருப்பினால், 100 சதுர சென்டிமீட்டர் வில்லை ஒன்று வெட்டுப்பட்டு வரும். தராசில் அது 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம். நெஞ்சு முழுக்க அடைத்து அச்சடிக்க வேண்டுமென்றால் 140 ஜிஎஸ்எம் துணியை எடுக்காதீர்கள். மை அட்டை மாதிரி விறைத்து நிற்கும், சுற்றிலும் துணி சுருங்கும். 180 எடுங்கள். ஓவர்சைஸ் டீ-சர்ட்டுக்கு 220, 240 வரை போகலாம்."

இந்தப் பத்தியில் 'கோடி' இருக்கும் இடத்தில் 'வெற்றாடை'யைப் போட்டுப் படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அடுத்த சொல்லுக்கும் உதவி வேண்டும். நான் சொன்ன சிவப்பு ஜெர்சி சிக்கலை ஆங்கிலத்தில் டை மைக்ரேஷன் என்கிறார்கள். துவைக்கும்போது நடப்பது 'சாயம் போவது', இது 'சாயம் ஏறுவது'. ஆனால் 'சாயமேற்றம்' என்று வைத்தால் சாயப்பட்டறையில் சாயம் ஏற்றுகிற வேலை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். 'சாயப்பெயர்வு' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. சாயப்பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால், அங்கே இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.