பொருள்: ‘மேனிஸ்’ – சினமா, செற்றமா, வேறொன்றா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டைத் தமிழாக்கும்போது, அதில் கோபத்தைக் குறிக்கும் கோலோஸ், கோட்டோஸ், மேனிஸ் என்ற மூன்று சொற்களுக்கும் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்று வந்த மடல்களை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். “கோபம் என்றால் கோபம்தானே, இதற்கு எதற்குப் புதுச்சொல்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் இலியட்டின் முதல் காண்டத்திலேயே இருக்கிறது. குறிசொல்லி கால்காஸ், கிரேக்கப் படைத்தலைவனான அரசன் அகமெம்னோனுக்குப் பயந்துகொண்டே பேசுகிறான்: அரசன் தன் ‘கோலோஸை’ இன்றைக்கு விழுங்கிவிட்டாலும், தீர்த்துக்கொள்ளும்வரை ‘கோட்டோஸை’ நெஞ்சுக்குள் வைத்திருப்பான். இரண்டுக்கும் கோபம் என்றே போட்டால், கோபத்தை விழுங்கியவன் கோபத்தை வைத்திருக்கிறான் என்றாகிவிடும். வாக்கியமே நிற்காது.

இந்த இரண்டில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. கோலோஸுக்குச் சினம். பித்தநீரைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பதால் ‘பித்தம்’ சேர்க்கலாமே என்றார் ஒருவர். வேண்டாம். பித்தம் தலைக்கேறியது என்றால் நம் ஆட்கள் பைத்தியம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கோட்டோஸுக்குக் கறுவு. “கறுவிக்கொண்டே இருக்கிறான்” என்று இன்றும் சொல்கிறோம். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியமும் துணைக்கு வருகிறது. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், தன் மகனின் கண்ணைக் குருடாக்கிய ஒடிசியஸ்மேல் கடல்தெய்வம் போசைடன் வைத்திருப்பதும் கோட்டோஸ்தான் என்கிறான் பாதாளத்தில் குறிசொல்லி திரேசியஸ். அங்கேயும் கறுவு கச்சிதமாக உட்காருகிறது.

மேனிஸ்தான் தகராறு. இலியட்டின் முதல் சொல்லே அது. அந்தக் காவியத்தில் பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் அது ஒன்று தெய்வத்துடையது, இல்லையென்றால் காவிய நாயகன் அகிலீஸுடையது. வேறு எந்த மனிதனுக்கும் அந்தப் பெயர்ச்சொல் கிடையாது. படைத்தலைவன் அகமெம்னோனுக்குக்கூட இல்லை.

அப்புறம், மேனிஸ் மனத்துக்குள் கிடக்கிற உணர்ச்சி மட்டும் அல்ல, வெளியே வந்து வேலை செய்கிற ஒன்று. தன் பூசாரி கிரைசிஸ் அவமதிக்கப்பட்டதும் அப்போலோ என்ற தெய்வம் இரவைப்போல இறங்கி வருகிறான். தோளில் கொள்ளைநோய் அம்புகள் கலகலக்கின்றன. முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும் சாகின்றன, பிறகு மனிதர்கள். ஒன்பது நாள் பிணச்சிதை அணையவில்லை. அகிலீஸின் மேனிஸும் அதையேதான் செய்கிறது: சொந்தப் படையை அழிக்கிறது, வீரர்களின் உயிரைப் பாதாளத்துக்கு அனுப்புகிறது, உடலை நாய்க்கும் பறவைக்கும் போடுகிறது.

பதினாறாம் காண்டத்தில் ஓர் இடம். அகிலீஸின் நண்பன் பாட்ரோக்ளஸ், எதிரி நகரமான திராயின் மதில் மூலையில் மூன்று முறை ஏறுகிறான். மூன்று முறையும் அப்போலோ கேடயத்தில் அடித்துத் தள்ளுகிறான். நான்காம் முறை தெய்வம்போலவே பாய்கிறான். “பின்வாங்கு, இந்த நகரம் உன் ஈட்டிக்கு விதிக்கப்படவில்லை” என்று ஒரு அதட்டல். பாட்ரோக்ளஸ் வெகுதூரம் பின்னால் போகிறான், ‘அப்போலோவின் மேனிஸைத் தவிர்த்து’. இன்னொரு கிரேக்க வீரன் டியோமிடீஸும் ஐந்தாம் காண்டத்தில் இப்படித்தான் ஒதுங்குகிறான், ஆனால் சில அடிதான். இருவருமே கோபத்துக்கு அஞ்சி விலகவில்லை. மின்கம்பி அறுந்து கிடந்தால் நாம் ஒதுங்குவதுபோல ஒதுங்குகிறார்கள்.

இனி, வந்த பரிந்துரைகள்:

> ‘முனிவு’ பொருத்தம். மேனிஸ், முனிவு – ஒலியே சொல்கிறதே!

ஒலி ஒத்துப்போவதை வைத்து இங்கே ஏற்கெனவே போதுமான சண்டை நடந்திருக்கிறது, ஐயா. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் முனிவு வெறுப்புப் பக்கம் சாய்கிற சொல்; அது கொள்ளைநோயை அனுப்பாது. ‘செற்றம்’ நாள்பட்ட பகையைச் சொல்லும், அதனால் கறுவோடு மோதும். ‘வஞ்சினம்’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அது சூளுரை. வாய்விட்டுச் சொன்னால்தான் வஞ்சினம். ‘தெய்வச்சினம்’ பார்க்க எளிது. ஆனால் அகிலீஸிடம் வரும்போது அதற்கு ஒரு விளக்கவுரை தேவைப்படும். தாய் தேத்திஸ் கடல்தெய்வம் என்றாலும் அவன் சாகப்பிறந்தவன். அந்த இழுபறிதானே கதை!

என் பரிந்துரை ‘அணங்குசினம்’. வினைத்தொகையாகப் பிரித்தால் அணங்குகிற, அதாவது வருத்தித் தாக்குகிற சினம். வேற்றுமைத்தொகையாகப் பிரித்தால் அணங்கின் சினம். முதல் பிரிப்பு அகிலீஸுக்கும் பொருந்தும், இரண்டாவது அப்போலோவுக்கு. மொழிபெயர்ப்பின் தொடக்கத்திலும் வைக்கலாம்: ‘அணங்குசினம் பாடுவாய் தேவி, பீலியஸ் மகன் அகிலீஸின் அணங்குசினம்’. கிரேக்கத்தைப்போலவே செயப்படுபொருளை முதலில் வைக்கத் தமிழ் இடம் கொடுப்பது நம் அதிர்ஷ்டம்.

இதற்கு வரப்போகும் மறுப்பு தெரியும். இன்றைய வாசகர் அணங்கு என்றதும் ‘தமிழணங்கே’ என்று பாடிவிட்டு அழகான பெண்ணைத்தான் நினைப்பார். அணங்குசினம் மனைவியின் கோபம் ஆகிவிடும். நானும் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டார்கள். சரி, இருக்கட்டும். பழைய பொருளை ஒரு வரியில் சொற்பட்டியலில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சங்கப் பாட்டில் மலையிலும் நீர்த்துறையிலும் இருந்து ஆளைத் தாக்குகிற அணங்குதான் இங்கே வேண்டும்.

ஒன்று மிச்சம். மேனிஸின் வினைவடிவம் இவ்வளவு கறாராக இல்லை. முதல் காண்டச் சண்டையில் அகமெம்னோனுக்கும் அது வருகிறது. பதின்மூன்றாம் காண்டத்தில் திராய் வீரன் ஐனியாஸ் படையின் கடைசியில் போய் நிற்கிறான். திராய் அரசன் பிரியாம் தன்னை மதிக்கவில்லையாம். கல்யாண வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பந்திக்கு வராமல் நிற்கிற பங்காளி மாதிரி. அவனுக்கு அணங்குசினம் எல்லாம் அதிகம். ‘முனிந்து நின்றான்’ என்று போட்டால் அளவாக இருக்கும். ஆக, முனிவு சொன்ன ஐயாவுக்குப் பாதி வெற்றி. மீதிப் பாதிக்கு அவர் எழுதப்போகும் மடலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.