ஒரே மெட்டில் இரண்டு கவிதைகள்: பார்ஜாக் விழாவில் இருப்பது இசையா, இல்லையா?

மணல்மேடு:
நேற்று வேறொரு திரியில் அரைச்சுதி எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். பிறகு நான் திரித்துவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது.

"பார்ஜாக்கில் நடப்பதற்கு இசை விழா என்று பெயர். உண்மையில் அது கிதாரை மடியில் வைத்துக்கொண்டு நடத்தும் கவிதை வாசிப்பு. அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பாடகர் ஜார்ஜ் பிராஸன்ஸ் ஒரே மெட்டை இரண்டு கவிதைகளுக்குப் போட்டவர். இசைக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை."

படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பார்ஜாக் தென் பிரான்சில், கார் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள சிற்றூர். ஏறத்தாழ 1,600 பேர் வாழ்கிறார்கள். பழம்பொருள் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். கோடையில், ஜூலைக் கடைசியில், பழைய கோட்டையின் முற்றத்தில் மேடை போட்டு, ஷான்சோன் என்னும் பிரெஞ்சுப் பாட்டு வகையில் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுகிறவர்களை அழைக்கிறார்கள். தொலைக்காட்சி திரும்பிப் பார்க்காத பாடகர்கள் அங்கே ஒன்றரை மணி நேரம் பாடுகிறார்கள், கூட்டம் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் கேட்கிறது. அந்த முற்றத்தில் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிக் காது கொடுக்கும் கூட்டத்தை நான் பாரிஸின் பெரிய அரங்குகளில் கண்டதில்லை.

இரண்டு கவிதை, ஒரே மெட்டு என்பது உண்மைதான். லூயி அரகோனின் காதல் கவிதை ஒன்று, பிரான்சிஸ் ஜாமின் பிரார்த்தனைக் கவிதை ஒன்று. இரண்டையும் 1950களின் முற்பகுதியில் பிராஸன்ஸ் ஒரே மெட்டில் பாடினார். ஒருவர் கம்யூனிஸ்ட், மற்றவர் தீவிரக் கத்தோலிக்கர். பாடியவரோ கோவில் பக்கம் போகாதவர். இதைச் செய்துகாட்ட எவ்வளவு காது வேண்டும் என்று அரைச்சுதிக்குத் தெரியுமா?

அரைச்சுதி:
என் பெயரைப் போட்டே திரி தொடங்கியதற்கு நன்றி. சென்ற ஆண்டு பாடகர் லியோ ஃபெரே பற்றிய விவாதத்தில் பாதியில் காணாமல் போனவர் இன்று திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி.

நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஒரே மெட்டு. தாயின் அருகில் சாகும் சிறுவனைப் பற்றிய வரிக்கும் அதே மெட்டு, காதலில் மகிழ்ச்சி இல்லை என்ற வரிக்கும் அதே மெட்டு. அப்படியானால் அந்த மெட்டுக்கென்று ஓர் உணர்வு கிடையாது. அது சட்டை மாட்டும் ஆணி. எந்தச் சட்டையையும் மாட்டலாம். நான் இருபது வயதிலிருந்து வயலின் வாசிக்கிறேன். எனக்கு மெட்டு என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

மணல்மேடு:
ஃபெரே விவாதத்திலிருந்து நான் ஓடவில்லை. நீங்கள் வசைபாடத் தொடங்கினீர்கள், நான் நிறுத்திக்கொண்டேன். திரி இன்னும் அங்கேதான் இருக்கிறது, வேண்டியவர்கள் போய்ப் படிக்கலாம்.

ஆணி என்கிறீர்கள். கவிதைகளைக் கையில் எடுத்தீர்களா? அரகோனின் ஒவ்வொரு பத்தியிலும் பன்னிரண்டு அசை கொண்ட ஐந்து வரிகள், பிறகு குட்டையான பல்லவி. ஜாமின் கவிதையிலும் பன்னிரண்டு அசை கொண்ட ஐந்து வரிகள், பிறகு குட்டையான பல்லவி. ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளியில், எதிரெதிர் நம்பிக்கை கொண்ட இருவர் ஒரே வடிவத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் பிராஸன்ஸ். பல்லவியில் மட்டும் அசை எண்ணிக்கை வேறு. அரகோனுக்கு எட்டு, மரியாளை வாழ்த்தும் ஜாமின் வரிக்கு ஆறு. அந்த இடத்தில் குரல் எப்படி இறங்குகிறது என்று இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆணியில் மாட்டிய சட்டை அப்படி மடிந்து விழாது.

அரைச்சுதி:
அசை எண்ணிக்கை இலக்கணம், இசை அல்ல. நான் கேட்டது இசையைப் பற்றி. ஒரே மெட்டா, இல்லையா?

முல்லைவனம்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். பார்ஜாக் என்றால் உங்களுக்கு பிராஸன்ஸ் மட்டும்தானா? அவர் 1981இலேயே இறந்துவிட்டார். இந்த வகை விழாக்களை உயிரோடு வைத்திருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்! ஆன் சில்வெஸ்த்ர் 2020இல் இறக்கும்வரை எழுதியவர், பார்ஜாக் மேடையிலும் பாடியவர். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 1975ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே அந்த முடிவை எடுக்கும் பெண்ணின் மனத்தைப் பாட்டில் வைத்தவர். நிறுவனங்கள் கைவிட்டதும் 1973இல் சொந்தமாக இசைத்தட்டு வெளியிடத் தொடங்கினார். அவரைப் பற்றி இந்தத் திரியில் ஒரு வரிகூட இல்லை.

மணல்மேடு:
முல்லைவனம் அம்மா, ஆன் சில்வெஸ்த்ர் மீது எனக்கும் மதிப்பு உண்டு. அவருடைய தொடக்ககால இசைத்தட்டு ஒன்றின் பின்னட்டையில் 1962இல் பாராட்டி எழுதியவரே பிராஸன்ஸ்தான். சொல்லின் அருமை தெரிந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

முல்லைவனம்:
இதைத்தான் சொல்கிறேன் ஐயா. ஒரு பெண்ணின் பெயரை எடுத்தால் அடுத்த வரியிலேயே அவரைப் பாராட்டிய ஆணிடம் போய்விடுகிறீர்கள். "பாவாடை கட்டிய பிராஸன்ஸ்" என்ற பாணியில் பத்திரிகைகள் எழுதி எழுதி அந்த அம்மையாரை எவ்வளவு எரிச்சலூட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதையே செய்கிறீர்கள்.

கணக்காளன்:
நான் புதியவன். முதலில் ஷான்சோன் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று யாராவது விளக்க முடியுமா? பிரெஞ்சில் பாடினால் போதுமா, பாடுகிறவரே எழுதியிருக்க வேண்டுமா? எடித் பியாஃப் தன் பாடல்களில் பெரும்பாலானவற்றைப் பிறர் எழுதத்தானே பாடினார்?

இன்னொன்று, பணம். 1977இல் தொடங்கிய பூர்ழ் இசை விழாவும், 1985இல் லா ரொஷேலில் ழான்-லூயி ஃபூல்க்கியே தொடங்கிய ஃபிராங்கோஃபோலி இசை விழாவும் பெரிய நகரங்களின் தோளில் நிற்கின்றன. 1,600 பேர் உள்ள ஊரில் டிக்கெட் பணத்தை மட்டும் வைத்து மேடை போட முடியாது. மானியம் குறைந்தால் முதலில் சாய்வது சிறிய விழாதான். அதைப் பற்றிப் பேசலாமே.

அரைச்சுதி:
பேசலாம். மணல்மேடு முதலில் பதில் சொல்லட்டும். ஒரே மெட்டு.

மணல்மேடு:
பதில் சொல்லிவிட்டேன். புரியாதவர்களுக்காக இன்னொரு முறை, நீளமாகவே சொல்கிறேன்.

பிராஸன்ஸிடம் மூன்று சுரக்கோவைதான் (கார்டு) உண்டு என்பது கிதார் பிடிக்கத் தெரியாதவர்கள் பரப்பிய கதை. அவர் பாட்டை வாசிக்க உட்காருகிறவனின் இடது கை முதல் நாளே வலிக்கும். சேத் துறைமுகத்தில் சிறுவனாக இருந்த காலத்திலேயே ஷார்ல் திரெனேயின் பாட்டும் ஜாஸும் அவர் காதில் ஏறிவிட்டன. 1952இல் பாரிஸின் மோன்மார்த்ரில் பாடகி பத்தாஷூவின் இசை விடுதியில் முதன்முதலாக மேடை ஏறியபோது பக்கத்தில் கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்தவர் பியேர் நிக்கொலா. கடைசிவரை அவரே வாசித்தார். அந்தப் பாடல்களின் நடை முழுவதும் அந்தக் கான்ட்ராபாஸில்தான் இருக்கிறது. 1970களின் கடைசியில் ஜாஸ் கலைஞர்கள் அந்த மெட்டுகளை எடுத்துச் சொற்களே இல்லாமல் வாசித்தார்கள், பிராஸன்ஸ் அவர்களோடு உட்கார்ந்து கிதார் வாசித்தார். சொல் இல்லாமலே நின்ற மெட்டு அது. வயலின் வாசிக்கிறவருக்கு இதைவிடத் தெளிவாக நான் எப்படிச் சொல்வது?

பார்ஜாக்கில் நான் கேட்டதும் இதே பள்ளிதான். பியானோ ஒன்று, அல்லது அக்கார்டியன், அல்லது செல்லோ. ஒரு வாத்தியம் ஒரு வரிக்கு வழிவிட்டு நிற்கிறது என்றால் அங்கே இசை இல்லை என்று பொருளா? எந்த இடத்தில் வாசிக்கக் கூடாது என்று தெரிந்த பியானோக்காரரை நான் அங்கே பார்த்தேன். பாடகி ஒரு வரியின் நடுவில் நிறுத்தினார், அவரும் கையை எடுத்தார். முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. அந்த மௌனமும் மெட்டின் பகுதிதான்.

அரகோன் அந்தக் கவிதையை எழுதியது 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில். அதே ஆண்டு இளைஞர் பிராஸன்ஸ் கட்டாய உழைப்புக்காக பெர்லினுக்கு அருகே பாஸ்டார்ஃபில் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டார். விடுமுறையில் வந்தவர் திரும்பிப் போகாமல் பாரிஸில் ஒளிந்து வாழ்ந்தார். அப்படிப்பட்டவர் அந்தக் கவிதைக்கு மெட்டுப் போடும்போது எதையோ எடுத்து ஒட்டினார் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? கடைசிப் பத்தியை அவர் பாடாமல் விட்டதுகூட யோசித்துச் செய்ததுதான். அதில் தாய்நாட்டின் மீதான காதல் வருகிறது. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அணிவகுப்புக்கு எழுந்திருக்கமாட்டேன், படுக்கையில் கிடப்பேன் என்று பாடியவர் அதைப் பாடியிருக்க முடியாது.

அரைச்சுதி:
அப்படியா! கடைசிப் பத்தியை வெட்டிவிட்டாரா? ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாத கூட்டம் என்றீர்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் அரகோன் எழுதிய கவிதையின் முடிவையே எடுத்துவிட்டார். காதல் மகிழ்ச்சி தருவதில்லை, ஆனாலும் அது நம் இருவருடைய காதல் என்ற திருப்பம் அங்கேதான் வருகிறது. அதை நீக்கினால் கவிதை வெறும் புலம்பலாகிவிடுகிறது. மெட்டுக்கும் மரியாதை இல்லை, சொல்லுக்கும் மரியாதை இல்லை.

மணல்மேடு:
வெட்டவில்லை, தேர்ந்தெடுத்தார். இரண்டும் ஒன்றல்ல.

அரைச்சுதி:
வெட்டினார்.

மணல்மேடு:
தேர்ந்தெடுத்தார். இதற்குக்கூட வேறுபாடு தெரியாதவரோடு பேசுவது எனக்குத்தான் இழுக்கு. ஆனாலும் விடமாட்டேன்.

தெற்குவாசல்:
நான் பாரிஸில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இதைப் பிரெஞ்சு மரபு என்று தூக்கிப் பிடிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பாடகர் ழாக் பிரெல் பெல்ஜியக்காரர். ஃபெரே மொனாக்கோவில் பிறந்தவர். பாடகர் மூஸ்தாக்கி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். பார்ஜாக் விழாவையே பல ஆண்டுகள் நடத்திய ஜோஃப்ரூவா ஒரு பெல்ஜியப் பாடகர். பிறகு எதில் இது பிரெஞ்சு?

மணல்மேடு:
பிராஸன்ஸின் தாய் இத்தாலிய வம்சாவளி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிதான் ஊர். எங்கே பிறந்தார்கள் என்று கேட்பது பாஸ்போர்ட் அலுவலகத்தின் வேலை.

தெற்குவாசல்:
மொழிதான் ஊர் என்றால் வானொலியில் 40 விழுக்காடு பிரெஞ்சுப் பாடல்கள் வேண்டும் என்று 1994இல் சட்டம் எதற்கு? சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது என்பதுதானே பொருள்?

கணக்காளன்:
அந்தச் சட்டத்தால் வாழ்ந்தவை பெரிய நிறுவனங்களின் பாப் பாடல்களும் ராப் பாடல்களும்தான். பார்ஜாக்கில் பாடுகிறவர்களை அந்த வானொலிகள் எங்கே ஒலிபரப்பின? சிறிய விழா இருப்பதற்கே அதுதான் காரணம். 2003இல் மேடைக் கலைஞர்களின் வேலையில்லாக் கால உதவித்தொகையில் கைவைத்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவிஞோனும் லா ரொஷேலும் அந்தக் கோடையில் விழாவையே ரத்து செய்தன. அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் குளிர்காலம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து எழுதும் பாடகர் எதைச் சாப்பிடுவார்? இந்தத் திரியில் இதுதான் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். ஷான்சோன் என்றால் என்ன என்று கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

அரைச்சுதி:
உதவித்தொகையை நான் எதிர்க்கவில்லை. இசைக்காகக் கொடுக்கும் உதவி இசைக்குப் போகட்டும் என்கிறேன். மணல்மேடு இத்தனை பத்தி எழுதியும் ஒரு விஷயம் மாறவில்லை. இரண்டு கவிதை, மெட்டு ஒன்று.

முல்லைவனம்:
ஆன் சில்வெஸ்த்ர் குழந்தைகளுக்காக எழுதிய பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் பிரான்சில் உண்டு. அவற்றில் எந்த மெட்டும் ஆணி இல்லை. அதைப் பற்றித் தனித்திரி தொடங்குகிறேன். இங்கே இரண்டு ஆண்கள் ஒரு மூன்றாவது ஆணுக்காக அடித்துக்கொள்ளட்டும்.

மணல்மேடு:
தாராளமாகத் தொடங்குங்கள் அம்மா, அங்கேயும் வருவேன்.

அரைச்சுதிக்கு ஒன்று. அரகோனுக்கு மெட்டுப் போட்டவர் பிராஸன்ஸ் மட்டும் அல்ல. ஃபெரே 1961இல் அரகோன் கவிதைகளை மட்டும் வைத்து ஒரு முழு இசைத்தட்டே வெளியிட்டார், பத்துப் பாடல்கள். ழான் ஃபெரா என்ற வேறொரு பாடகர் பல பத்தாண்டுகள் அரகோனைப் பாடினார். அவர் குடியிருந்து, அடக்கமான ஆந்திரேக் என்ற ஊர் பார்ஜாக்கிலிருந்து வெகுதூரமில்லை, பக்கத்து அர்தெஷ் மாவட்டம்தான். அங்கும் ஷான்சோனுக்கு விழா எடுக்கிறார்கள். மெட்டு வெறும் ஆணி என்றால் மூவரின் அரகோனும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். ஒலிக்கிறதா? வயலினை எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

அரைச்சுதி:
மறுபடியும் ஃபெரேயிடம் போய்விட்டீர்கள், சென்ற ஆண்டு போலவே. மூன்று பேர் ஒரு கவிஞருக்கு வெவ்வேறு மெட்டுப் போட்டார்கள் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஒருவர் இரண்டு கவிஞர்களுக்கு ஒரே மெட்டைப் போட்டார் என்பதுதான் என் கேள்வி. அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் பதில் என்கிறீர்கள்.

மணல்மேடு:
தலைகீழாக நிற்பது யார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்று இரவு ஃபெரேயின் பத்துப் பாடல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எழுதுகிறேன். அந்தப் பழைய திரியின் இணைப்பையும் சேர்த்தே போடுகிறேன், அங்கே யார் வசைபாடியது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

அரைச்சுதி:
போடுங்கள். முழுவதும் போடுங்கள், கடைசிப் பத்தியை வெட்டாமல்.