பந்தியில் மானத்தை வாங்கிய இடுப்பு

போன வருடம் திருகோணமலை திருக்கடலூரில் ஓர் அந்தியேட்டி வீடு. நிலத்தில் பந்தி. சப்பாணி கட்டி இருந்தேன் என்று பேருக்குச் சொல்லலாம். இரண்டு முழங்காலும் நெஞ்சுக்கு நேரே நின்றன. பக்கத்து இலைக்காரர் எழுபதைத் தாண்டியவர், கடற்கரையில் நாள் முழுக்க நிலத்தில் இருந்து வலை தைக்கிறவர். அவருடைய முழங்கால்கள் பாயில் படிந்து கிடந்தன. சோறு பாதியில் எனக்கு நாரி (கீழ்முதுகு) பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரப் பிள்ளை ஒன்று ஓடிப்போய் பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டது. எனக்கு வயது 43.

தொழில் ஆட்டோ. கோணேசர் கோயிலுக்குச் சனத்தை ஏற்றிப் போனால், கும்பிட்டுத் திரும்பும் வரைக்கும் அதே சீட்டில்தான் இருப்பு.

வீடியோ பார்த்து இரண்டு மாதம் நானாகவே செய்தேன். ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் மடித்து வைத்து, முன்னுக்குச் சாய்கிற பயிற்சி. எவ்வளவு சாய்கிறேனோ அவ்வளவு நல்லது என்று நினைப்பு. நாரிநோ கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பிள்ளையிடம் போனேன். கட்டில் விளிம்பில் மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கச் சொன்னா. கீழே தொங்கவேண்டிய மற்றத் தொடை அந்தரத்தில் நின்றது. முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் தொடங்கி, இடுப்புக்குள்ளால் வந்து தொடை எலும்பின் உட்பக்கத்தில் பிடிக்கிற தசை ஒன்று இருக்கிறது, சோவாஸ் என்று பெயர். கதிரையில் இருக்கும்போதெல்லாம் அது சுருங்கியே கிடக்கும். நான் சாயச் சாய நாரிதான் வளைந்து கொடுத்திருக்கிறது, அந்தத் தசை அசையவே இல்லை.

"சாயாதீங்க அண்ணா" என்றா. ஊன்றிய முழங்காலுக்குக் கீழே தலகணி. அந்தப் பக்கத்துக் குண்டியை இறுக்கி, பயந்த நாய் வாலைச் செருகுவதுபோல இடுப்பை உள்ளுக்கு மடக்க வேண்டும். ஓர் அங்குலம்கூட முன்னுக்குப் போகவில்லை, காற்சட்டைப் பொக்கற் இருக்கிற இடத்தில் சுரீர் என்று இழுத்தது! 30 செக்கன், பக்கத்துக்கு இரண்டு தரம், துள்ளாமல். நடந்து உடம்பு சூடான பிறகு செய்தால் லேசு. (அம்மா இன்னும் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் போய் ஊற்றச் சொல்கிறா. ஊற்றினால் சுகமாகத்தான் இருக்கும், அடுத்த நாள் பழையபடி.)

இப்போது கோணேசர் கோயில் இருக்கிற கோட்டைக்குள் ஆட்டோவை நிறுத்தினால், இறங்கி ஒரு காலைப் படியில் வைத்து இதையே நின்றபடி செய்கிறேன். மான்கள் மட்டும் நின்று பார்க்கும்.

—

கீழே வந்த கருத்துகள்:

உப்புவெளி அக்கா: நான் யோகா வகுப்பில் புறா ஆசனம் (முன் காலைக் குறுக்காக மடித்து அதன்மேல் சாய்வது) செய்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள். இடுப்பு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குத்தான் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது மல்லாக்கப் படுத்து, ஒரு கணுக்காலை மற்ற முழங்காலுக்கு மேல் போட்டு, கீழே இருக்கிற காலின் தொடையைக் கையால் இழுத்துப் பிடிக்கிறேன். முழங்காலுக்குப் பாரமே இல்லை.

நிலாவெளி தம்பி: எனக்குக் குந்தி இருக்கும்போது இழுவை இல்லை, முன் கவட்டில் ஏதோ நெரிபடுகிற மாதிரி குத்துகிறது. இன்னும் அழுத்தினால் சரியாகுமா?

உப்புவெளி அக்கா: அழுத்தாதே தம்பி. இழுவை வேறு, குத்து வேறு. எலும்புப் பொருத்தின் அமைப்பே ஆளுக்கு ஆள் வித்தியாசம், சிலருக்கு எவ்வளவு நீட்டினாலும் அதற்கு மேல் மடங்காது. கால் விறைக்கிறதென்றால் இங்கே கேட்டுக்கொண்டிராமல் டொக்டரிடம் போ.

நிலாவெளி தம்பி: சரி அக்கா. அண்ணன், நீங்கள் இப்போது பந்தியில் இருப்பீர்களா?

ஆட்டோ அண்ணன்: நாலு மாதமாகிறது. முழங்காலுக்கும் பாய்க்கும் இடையில் இன்னும் ஒரு சாண் இருக்கிறது. சொதி வரும்வரை தாக்குப்பிடிக்கிறேன். பாயசம் வரும்போது கால் நீட்டியாகிவிடும்.