சந்தையில் சிக்கியதும் கோட்டைவிட்டதும்

பல்லாவரம் பைத்தியம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பல்லாவரம் சந்தையில் இறங்கிவிட்டால் எனக்கு அந்த வாரம் நல்ல வாரம். ஒன்பதுக்கு மேல் போனால் வெயிலும் கூட்டமும்தான் மிச்சம். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் செடி, ஒரு பக்கம் கோழிக்குஞ்சு, வண்ண மீன், செருப்பு, துணி. நடுநடுவே தார்ப்பாய் விரித்து ஓடாத கேமரா, மூடி தொலைந்த கூஜா, ரிமோட் இல்லாத டிவி, டிவி இல்லாத ரிமோட்.

எங்கள் வீடு சின்னது. அதனால் கைக்குள் அடங்கும் பித்தளையைத்தான் தேடுவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தார்ப்பாயில் எலுமிச்சம்பழ அளவில் உருண்டையாக ஒரு டப்பா கிடந்தது. நடுவில் கீல், ஓரத்தில் அறுந்துபோன சின்னச் சங்கிலி. “குங்குமச் சிமிழ்க்கா, பாட்டி காலத்துது” என்றார் கடைக்காரர். 250 சொன்னார், 180-க்கு முடிந்தது. குங்குமச் சிமிழுக்குச் சங்கிலி எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் புளி போட்டுத் தேய்த்தேன். ஈரம் சரியாகக் காய்வதற்குள் பூஜை அலமாரிக்கென்று மஞ்சள் தூளை அள்ளிப் போட்டு மூடிவிட்டேன். மறுநாள் திறந்தால் ஓரமெல்லாம் செங்கல் நிறம்! வாங்கிவந்த பொருளில் ஏதோ இருக்கிறது என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். “இது கரண்டகம்டி. வெத்தலைக்குச் சுண்ணாம்பு வைக்கிறது. உங்க பாட்டனார் இடுப்புல தொங்கவேண்டியதைக் கொண்டாந்து சாமிகிட்ட வச்சிருக்கே.”

கீலின் இடுக்கில் பழைய சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது. ஈரமும் மஞ்சளும் சேர்ந்ததும் சிவந்துவிட்டது. குங்குமம் செய்கிறவர்களும் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துத்தானே சிவக்க வைக்கிறார்கள்? ஆக, விற்றவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. அந்தச் சங்கிலியில் சுண்ணாம்பு தோண்டும் சின்னக் கரண்டி ஒன்று தொங்கியிருக்கும் என்று அம்மா சொன்னார். அது எந்தத் தார்ப்பாயில் கிடக்கிறதோ.

என்னவென்றே தெரியாமல் வாங்கியது, ஏமாந்தது, கண்ணெதிரே கைநழுவிப் போனது, எதுவானாலும் எழுதுங்கள். விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.


ஓட்டைக்குழல்

வெட்கப்படாமல் சொல்ல முடியாது. விலை நாலு இலக்கம், முதல் எண் எட்டு. அதற்கு மேல் சொன்னால் என் மனைவி படித்துவிடுவாள்.

ஒரு சுற்றுலா ஊர்க் கடையில் கிராமபோன் வாங்கினேன். தாமரைபோல் விரிந்த பளபளப்பான பித்தளைக் குழல், எட்டுப்பட்டைப் பெட்டி, முன்னால் நாய்ப் படம். “வெள்ளைக்காரன் காலத்துப் பீஸ் சார்.” சாவி கொடுத்ததும் பாடியது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

பழைய ரேடியோ பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாட்டைக் கேட்கவே இல்லை, நேரே பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் எல்லாம் கூட்டல் குறி போட்ட திருகாணி. “இந்தத் திருகாணி புழக்கத்துக்கு வந்ததே 1930-களில். நீங்க சொல்ற காலத்துப் பெட்டியில் ஒற்றைக் கோடு போட்டதுதான் இருக்கணும்” என்றார். உள்ளே இருந்த மோட்டார் மட்டும் அசல், ஏதோ ஒரு சூட்கேஸ் கிராமபோனிலிருந்து கழற்றியது. பெட்டி புது மரம், சாயம் ஏற்றியிருந்தார்கள். குழல் புதிதாகத் தட்டிய பித்தளைத் தகடு. அந்தக் காலத்துக் குழல்களில் நிறைய பெயிண்ட் அடித்த தகரம்தானாம். பளபளப்பைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆசை வந்துவிட்டது.

இது போகட்டும். இதைவிடப் பெரிய இழப்பு நானே செய்துகொண்டது. இரும்பு ஊசியை ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மாற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே ஊசியில் வாரக்கணக்கில் ஓட்டினேன். மாமனார் வைத்திருந்த, அந்தக் கால நாடகப் பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்று, பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம் பாடும் அரக்குத் தட்டு, இப்போது பள்ளங்களெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை.


மங்குத்தட்டு

நான் காரைக்குடிப் பக்கம். பிழைப்பு பெங்களூரில். பழைய பொருள் என்று பேச்சு வந்தால் முனீஸ்வரன் கோவில் தெருவைச் சொல்லாமல் எப்படி? அங்கே கடைக்குள் நுழைகிறபோதே மங்குச் சாமான் அடுக்கு தட்டுப்படும். இரும்பில் எனாமல் பூசிய தட்டு, கிண்ணம், தூக்கு எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில் மங்கு என்போம். பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போனவர்கள் கப்பலில் ஏற்றி அனுப்பியது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்று முத்திரை இருக்கும். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து, கல்யாணத்தில் பரப்பிவைத்து, அப்புறம் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு தடவைகூடச் சோறு பார்க்காத தட்டுகள் உண்டு. அதனால்தான் 70, 80 வருடம் கழித்தும் சில தட்டுகள் புத்தம் புதிதாக இருக்கின்றன. விளிம்பில் எனாமல் தெறித்துத் துரு ஏறியிருந்தால் அது உண்மையாகவே உழைத்த தட்டு. எனக்கு இரண்டாவது ரகம்தான் பிடிக்கும்.

என் கதை ஒரு பித்தளை அண்டாவைப் பற்றியது. எங்கள் பக்கத்துப் பாத்திரங்களில் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். வீட்டு ஆட்களின் பெயர் முதலெழுத்துகள்தான் விலாசம். விசேஷத்துக்கு நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கலந்தாலும் அதை வைத்துப் பிரித்துவிடலாம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பந்திக்கு நேரம் இருந்ததால் அந்தத் தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஓர் அண்டா. கழுத்தில் எங்கள் விலாசம். எழுத்துகளை இங்கே போடவில்லை, படிக்கிற பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள்.

எங்கள் ஐயா வீட்டைப் பங்கு பிரித்து இறக்கியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பர்மாத் தேக்குத் தூண்களுக்குத்தான் முதலில் ஆள் வந்தது. நிலைக்கதவு தனியாக, கண்ணாடி தனியாகப் போயிற்று. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் பெயர்க்கப் பார்த்தார்கள், பாதிக்கு மேல் உடைந்துவிட்டது. (அதற்காக நான் பெரிதாக வருத்தப்படவில்லை. ஆத்தங்குடியில் இன்றைக்கும் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து அதே கல்லைச் செய்கிறார்கள். வேண்டுமானால் போய் வாங்கிக்கொள்ளலாம்.) பாத்திரங்களை அப்பச்சி எடைக்குப் போட்டார்.

கடைக்காரரிடம், “இது எங்க வீட்டு அண்டாண்ணே” என்றேன்.

அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இங்க வர்றவுக பாதிப் பேரு அதத்தான் சொல்றாக.”

விலை 38,000 சொன்னார். சொந்த வீட்டு அண்டாவுக்கு எப்படிப் பேரம் பேசுவது? குறைத்துக் கேட்டால் அப்பத்தாவைக் குறைத்துக் கேட்பதுபோல இருந்தது, கேட்காமல் விட்டால் பை தாங்காது. கேட்டேன். 32 வரை இறங்கினார். அப்புறம் எங்கள் அடுக்குமாடி லிஃப்டின் கதவு அகலம் நினைவுக்கு வந்தது. மூடியை மட்டும் தருவீர்களா என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். அண்டாவை வாங்குகிறவர்கள் யாரும் மூடி கேட்பதில்லையாம், 900 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். அதிலும் விலாசம் இருக்கிறது.

போன வருடம் எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். முற்றத்தில் எங்கள் அண்டா. தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிட்டிருந்தார்கள். மூடி பெங்களூரில் எங்கள் தண்ணீர் பில்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.


லென்ஸ் தாத்தா

தம்பி மங்குத்தட்டு, அதே தெருவில் ரவிவர்மா படம் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்காக இது.

1979-ல் சென்னை மூர் மார்க்கெட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை நாலு ரூபாய்க்கு வாங்கினேன். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டடம், 1900-ல் திறந்தது. பழைய புத்தகம், இசைத்தட்டு, புறா, நாய்க்குட்டி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நூறு சொன்னால் பத்தில் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரருக்கே நம்மேல் மரியாதை இருக்காது. 1985 மே மாதம் எரிந்துபோனது. பிறகு பக்கத்தில் அல்லிக்குளத்தில் கடை கொடுத்தார்கள். அங்கேயும் போய்ப் பார்த்தேன், அந்த நெரிசல் வரவில்லை.

லென்ஸ் மட்டும் இன்னும் பையில் இருக்கிறது. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார், பிறகு அது லோனாவாலா பக்கம் போனது. அந்தப் படங்கள் கல்லச்சு, கல்லில் வரைந்து அதிலிருந்து அச்செடுத்தவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிறத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் பெரிசும் சிறிசுமாகக் கொட்டிக் கிடக்கும், கையால் வைத்தவை. புதிய ஆப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாத கோலப்புள்ளி. வரிசை கண்ணில் பட்டதும் சட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள். சட்டம் அசல் பழசு, பின்பலகை அசல் பழசு, உள்ளே படம் மட்டும் போன மாதத்து அச்சு: இதுதான் இப்போது நடக்கும் வியாபாரம். ஒரு தடவை பழைய தேக்குச் சட்டத்துக்காகவே தெரிந்தே வாங்கினேன். அதில் இப்போது என் பேத்தி வரைந்த யானை இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் படத்தின் மேல் சேலைத் துணியும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்தவையும் கிடைக்கும். அச்சு ஒன்றாக இருக்கலாம், ஒட்டிய கை ஒவ்வொரு வீட்டிலும் வேறு. விலை கூடக் கொடுத்தாலும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.


கோரைப்புல்

நான் பழசு தேடுகிறவள் இல்லை, கைவேலை தேடுகிறவள். பத்தமடைக்குப் பாய் வாங்கப் போனேன். 1953-ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு இங்கிருந்துதான் பாய் போனது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாத கடையே இல்லை.

எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஒரு வீட்டில் தறியைத் தரையோடு தரையாகப் போட்டு ஒரு வயதான அம்மா நெய்துகொண்டிருந்தார். ஆற்றோரத்துக் கோரையைக் காயவைத்து, ஊறவைத்து, நூலிழைபோலக் கீறி, குச்சி முனையில் கோத்துப் பாவுக்குள் ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். முடிந்த பாய் ஒன்றை எடுத்துத் துண்டுபோல மடித்துக் காட்டினார். விலை கேட்டேன், குறைத்துக் கேட்டேன். கண்காட்சிகளில் பேசிப் பழகிய வாய்.

அவர் கோபப்படவில்லை. நகர்ந்து இடம் விட்டார். “உக்காரும்மா. ரெண்டு விரக்கடை நெஞ்சுட்டு நீயே ஒரு வெல சொல்லு, குடுத்துருதேன்.”

உட்கார்ந்தேன். முதல் கோரை குச்சியிலிருந்து பாதி வழியில் நழுவியது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது போய்ச் சேர்ந்தது, ஆனால் அச்சை இழுத்து அடித்ததும் கோணிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அவர் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கால் மணி நேரத்தில் ஒரு நகக்கனம்கூட ஏறவில்லை, முட்டி மட்டும் மரத்துப்போனது. சொன்ன விலையைக் கொடுத்தேன். நான் நெய்ததைப் பிரித்து எடுக்க அவருக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆனது. அதற்குக் காசு கேட்கவில்லை.


வக்கீல் குமாஸ்தா

சுருக்கமாக ஒன்று. ஊர் பேர் வேண்டாம், ஒரு சந்தையில் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் ஒருவர் துண்டை விரித்தார். சாண் உயரத்தில் அம்மன். “மண்ணுக்குள்ள கெடச்சது, வெளிய சொல்லாதீங்க” என்றார்.

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். புதுச் சிலையை மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றியிருக்கலாம். அப்படியானால் என் காசு போச்சு. அல்லது நிஜமாகவே பழசாக இருக்கலாம். அப்படியானால் நானே போச்சு. 1972-ம் வருடச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், விற்க உரிமம் வேண்டும், வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்றே சிலைத் திருட்டுத் தடுப்புப் போலீஸ் 1983-லிருந்து இருக்கிறது. சிலை ஆசை இருந்தால் சுவாமிமலைக்குப் போங்கள். மெழுகில் பிடித்து, காவிரி வண்டல் பூசி, உருக்கி வார்ப்பதைக் கண்ணால் பார்த்து, ரசீதோடு வாங்கி வரலாம்.

நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான்.


பல்லாவரம் பைத்தியம்

எல்லோருக்கும் நன்றி. ஓட்டைக்குழல், மாமனாரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கரண்டகத்தின் மிச்சக் கதை: விஷயம் தெரிந்த அடுத்த வெள்ளிக்கிழமையே அந்தக் கடைக்காரரிடம் ஓடினேன். அது சிமிழ் இல்லை, கரண்டகம், சங்கிலியில் கரண்டி இருக்கும், கிடைத்தால் எடுத்து வையுங்கள் என்று மஞ்சள் சிவந்த கதை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

நேற்று அவரிடம் அதே மாதிரி இன்னொன்று வந்திருந்தது. கரண்டியும் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு கண்ணாடி போட்ட பையனிடம், “இது சிமிழ் இல்ல தம்பி, கரண்டகம். மஞ்சளைப் போட்டுப் பாருங்க, தானா குங்குமம் ஆகும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

1,400 ரூபாய். பையன் பேரமே பேசவில்லை.